போகிற கடலுக்கு ஆள் எடுத்தல்

வெளிநாட்டு டெஸ்ட் சுற்றுப்பயணம் ஒன்றுக்கான குழாம் அறிவிக்கப்படும் நாளில் இலங்கையில் மூன்று கேள்விகள் தவறாமல் எழும். யாரை விட்டுவிட்டார்கள்? ஏன் விட்டார்கள்? உள்ளே வந்தவர் யாருடைய ஆள்? முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தபடி இந்தப் பட்டியல்களை வாங்கிப் பிரசுரித்திருக்கிறேன். ஒரு காலத்தில் தொலைநகலில் வந்தன. பிறகு மின்னஞ்சலில் வந்தன. இன்று கைத்தொலைபேசியில் வந்து விழுகின்றன. வாசகர் கேட்கும் கேள்விகள் மட்டும் மாறவில்லை. இந்தப் பெயர்கள் எந்த மைதானத்தை, எந்தக் காற்றை, எந்தப் பந்தை மனதில் வைத்து எழுதப்பட்டன என்ற நான்காவது கேள்வியைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வாசகரைக் குறை சொல்ல முடியாது. சந்தேகப்படுவதற்கு அவர்களுக்குக் காரணங்கள் தரப்பட்டிருக்கின்றன. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, இலங்கையைப் பிரதிநிதித்துவம் செய்யும் தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். தெரிவுக்குழு எழுதிய பட்டியல் அமைச்சரின் மேசைக்குப் போய்த் திரும்ப வேண்டும். 2017 டிசம்பரில், இந்தியாவில் நடைபெறவிருந்த ஒருநாள் தொடருக்காக விமான நிலையம்வரை சென்றுவிட்ட ஒன்பது வீரர்கள், அந்த அங்கீகாரம் கிடைக்காத காரணத்தால் அங்கிருந்தே திருப்பி அழைக்கப்பட்டார்கள். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னர், 2007 நவம்பரில், அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவே ஹோபார்ட்டில் மார்வன் அத்தப்பத்து தெரிவாளர்களைப் பொம்மைகள் என்றும், அவர்களின் தலைவரைக் கோமாளி என்றும் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு டெஸ்ட் அரங்கிலிருந்து விடைபெற்றார். இப்படியான நாட்களில் பத்திரிகைக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கும். அணி எப்படித் தயாராகியது என்ற செய்திக்கு உள்பக்கத்தில்கூட இடம் இராது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பட்டியலோடு இன்னொரு கணக்கும் உண்டு. 1984 ஆகஸ்ட் 23ஆம் திகதி இலங்கை அணி லோர்ட்ஸில் தனது முதலாவது டெஸ்ட் போட்டியைத் தொடங்கியது. 1983 ஜூலையின் காயம் ஆறாத ஆண்டு அது. முதல் நாளே தமிழ் ஆர்ப்பாட்டக்காரர்கள் பதாகைகளோடு மைதானத்துக்குள் ஓடினார்கள், ஆட்டம் தடைப்பட்டது. அதே போட்டியில் சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் எடுத்தார். அதே போட்டியில்தான் வினோதன் ஜோன் என்ற தமிழர் இலங்கைக்காக வேகப்பந்து வீசி, இங்கிலாந்தின் முதல் இனிங்ஸில் 4 விக்கெட்டுகளை எடுத்தார். நான் அப்போது பாடசாலை மாணவன். வீட்டில் அப்பா வானொலியை அணைக்கவுமில்லை, சத்தத்தைக் கூட்டவுமில்லை. பதினொரு பேரில் நமக்கும் ஒருவர் இருக்கிறார் என்ற மகிழ்ச்சியும், அந்தப் பதினொரு பேரோடு மகிழ்வது சரியா என்ற தயக்கமும் ஒரே அறைக்குள் இருந்தன. இன்று உலகின் பல மூலைகளில் வாழும் தமிழர்கள் பலருக்கு அந்தத் தயக்கம் புரியும். சிலருக்கு இன்னும் தீரவில்லை. அதனாலும் பட்டியலில் நமது பெயர் இருக்கிறதா என்று தேடிவிட்டு, இருந்தால் ஒரு விதமாகவும் இல்லாவிட்டால் இன்னொரு விதமாகவும் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம்.

1998 ஆகஸ்டில் ஓவலில் முத்தையா முரளிதரன் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தியபோது நம்மில் பலர் அந்தப் பெயரைத்தான் கொண்டாடினோம். அன்றைய நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க முதலில் துடுப்பெடுத்தாடாமல் களத்தடுப்பைத் தேர்ந்ததை உலகமே வியப்போடு பார்த்தது. முரளிதரன் இரண்டு தடவை பந்துவீச வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதே அவரது கணக்கு. ஜயசூரியவின் 213 ஓட்டங்களோடு அணி 591 ஓட்டங்கள்வரை ஆடியது. ஓய்வெடுத்து வந்த முரளிதரன் இரண்டாவது இனிங்ஸில் 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை எடுத்தார். தன்னிடம் இருக்கும் ஆள் யார், அவனுக்கு என்ன தேவை, இந்த மண்ணில் அவனை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்த தலைவன் எடுத்த முடிவு அது. அந்தக் கோடையில் அணி டெஸ்ட்டுக்கு முன்னர் கவுண்டி அணிகளோடு பல ஆட்டங்கள் ஆடியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த நான்காவது கேள்வியை எனக்கு மிக எளிய சொற்களில் விளக்கியவர் ஒரு முன்னாள் தெரிவாளரோ பயிற்சியாளரோ அல்ல. 2024 ஆகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் போயிருந்தேன். மனைவியின் குடும்பத்தாருக்கு ஒரு நேர்த்தி இருந்தது. பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போனால், ஒரு பக்கம் புத்தளம் களப்பும் மறுபக்கம் கடலும் இருக்க, நடுவில் மணலும் தென்னையுமாக நீளுகிற நிலம். ஆகஸ்ட் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சனம் வரும். தமிழும் சிங்களமும் ஒரே வளவில் கேட்கும். சோளகக் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் கடற்கரையில், நாடாச் சுற்றிய டெனிஸ் பந்தோடு ஒரு பையன் கூட்டம் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தது. காற்றுக்கு எதிரே வீசியவனின் பந்து நடுவில் தடுமாறி நின்றது போல வந்தது. காற்றோடு வீசியவனின் பந்தை ஒருவனாலும் தொட முடியவில்லை. மணலில் பந்து எழும்பாது என்பதால் எல்லோரும் முழுநீளப் பந்துகளையே வீசினார்கள்.

பக்கத்தில் ஒரு வயோதிபர் குந்தியிருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி. சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். அதனால் இந்தக் கரையின் தொழிலாளர்கள் பலர் அந்த மாதங்களில் கிழக்கே போய் வாடி அடித்துத் தொழில் செய்துவிட்டு, காற்று மாறியதும் திரும்புவது பரம்பரை வழக்கம். அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் போயிருந்தார்கள். இலங்கை அணி இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் இறங்கும் நாட்கள் அவை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. நானும் எல்லோரையும் போல, இன்னாரை எடுத்திருக்கலாம், இன்னாரை விட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தம்பி, நாங்கள் கிழக்கே போகேக்கை இஞ்ச நல்லாத் தொழில் செய்யிறவன் எண்டு ஆள் எடுக்கிறேல்லை. போற கடலுக்குத்தான் ஆள் எடுக்கிறது. அந்தக் கடலைக் கண்டவன் ஒருத்தனாவது வள்ளத்திலை இருக்க வேணும். இல்லாட்டி ஒரு மாசம் முந்திப் போய்க் கடலைப் பழக வேணும்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை. மற்றது, கட்டுனேரியப் பையன் இந்தத் தடவை அங்கே நன்றாக வீசுவான் என்று மட்டும் சொன்னார்.

கட்டுனேரியப் பையன் என்று அவர் குறிப்பிட்டது அசித பெர்னாண்டோவை. கொழும்பிலிருந்து தலவிலவுக்கு வருகிறவர்கள் கடந்து வரும் வீதியில், மாரவிலைக்கு அண்மையில், இதே புத்தளம் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். சில தலைமுறைகளுக்கு முன்னர் தமிழ் பரவலாக வழங்கிய கரை இது. உடப்பு, முந்தல் போன்ற ஊர்களில் இன்றும் தமிழே வாழ்கிறது. அசித 1997இல் பிறந்தவர். 2017இல் ஒருநாள் அணிக்கு வந்தார். டெஸ்ட் வாய்ப்புக்காக 2021 ஜனவரிவரை காத்திருந்தார். அந்த வாய்ப்பு வந்த விதமும் தயாரிப்பு பற்றிய கதைதான். 2020இல் பெருந்தொற்றால் நீண்ட போட்டிகள் நின்றுபோயிருந்தன. லங்கா பிரிமியர் லீக் இருபது ஓவர் தொடர் டிசம்பர் 16இல் முடிந்தது. டிசம்பர் 26இல் செஞ்சூரியனில் டெஸ்ட் தொடங்கியது. நான்கு ஓவர் வீசிப் பழகிய உடம்புகள் ஐந்து நாள் ஆட்டத்துக்கு இறங்கின. ஒருவர் பின் ஒருவராகக் காயப்பட்டு விழுந்தார்கள். அடுத்த போட்டிக்கு ஜொகன்னஸ்பேர்க்கில் அசிதவுக்கு இடம் கிடைத்தது. 2022 மேயில் மிர்பூரில் பங்களாதேசுக்கு எதிராகப் பத்து விக்கெட்டுகள் எடுத்து அந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டார்.

வயோதிபர் சொன்னது நடந்தது. 2024 ஆகஸ்ட் 30ஆம் திகதி லோர்ட்ஸில் அசித 102 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை எடுத்து, அந்த மைதானத்தின் கௌரவப் பலகையில் தன் பெயரை எழுதுவித்தார். தொடர் முழுவதிலும் 17 விக்கெட்டுகள். ஆனாலும் இலங்கை முதல் இரண்டு போட்டிகளிலும் தோற்றது.

அந்தச் சுற்றுப்பயணத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். ஆகஸ்ட் 7இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடர் முடிந்தது. ஆகஸ்ட் 14இல் வூஸ்டரில் இங்கிலாந்து லயன்ஸ் அணியோடு ஒரேயொரு பயிற்சிப் போட்டி தொடங்கியது. அதில் இலங்கை முதல் இனிங்ஸில் 139 ஓட்டங்களுக்குச் சுருண்டு, ஏழு விக்கெட்டுகளால் தோற்றது. ஆகஸ்ட் 21இல் முதல் டெஸ்ட். இங்கிலாந்தின் முன்னாள் வீரர் இயன் பெல் துடுப்பாட்ட ஆலோசகராக அழைக்கப்பட்டிருந்தார், நல்ல முடிவு. ஆனால் அவர் அணியோடு சேர்ந்ததும் டெஸ்ட் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே வாரம். இலங்கையில் நாம் ஆடுவது குக்கபரா பந்தில். இங்கிலாந்தில் டியூக்ஸ் பந்து. அதன் கையால் தைத்த தையல் நீண்ட நேரம் எழும்பியே இருக்கும். பளபளப்பும் எளிதில் போகாது. நாற்பதாவது ஓவரிலும் பந்து வளையும். அப்படி வளையும் பந்தை எப்போது விடுவது, எவ்வளவு தாமதித்து ஆடுவது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு போட்டி போதாது.

மூன்றாவது டெஸ்டுக்கு ஓவலுக்கு வந்தபோது தெரிவில் ஒரு கடினமான முடிவு எடுக்கப்பட்டது. பிரபாத் ஜயசூரிய நீக்கப்பட்டார். ஏழே டெஸ்ட் போட்டிகளில் 50 விக்கெட்டுகளை எட்டிய சுழற்பந்து வீச்சாளர் அவர். காலி மைதானத்தில் அவரை விட்டுவிட்டு ஓர் அணியை எழுதினால் எழுதியவருக்குத்தான் பைத்தியம் என்பார்கள். அவருக்குப் பதிலாக நான்காவது வேகப்பந்து வீச்சாளராக விஷ்வ பெர்னாண்டோ வந்தார். விஷ்வ அதே கோடையில் யோர்க்‌ஷயர் அணிக்காகக் கவுண்டி ஆட்டங்கள் ஆடியிருந்தவர். சம்மாட்டியின் மொழியில் சொன்னால், அந்தக் கடலைக் கண்டவர். இங்கிலாந்தின் இரண்டாவது இனிங்ஸ் 156 ஓட்டங்களில் முடிந்தது. லஹிரு குமார 4, விஷ்வ 3, அசித 2, மிலான் ரத்னாயக்க 1. பிறகு முதல் டெஸ்டில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்திருந்த பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்தார். செப்டெம்பர் 9ஆம் திகதி இலங்கை எட்டு விக்கெட்டுகளால் வென்றது. இங்கிலாந்து மண்ணில் இலங்கை வென்ற டெஸ்ட் போட்டிகள் நான்கே: 1998, 2006, 2014, 2024. மூன்றாவது டெஸ்டுக்குள் அணி அந்த மண்ணைப் பழகியிருந்தது. அதற்குள் தொடர் கைவிட்டுப் போயிருந்தது. முதல் இரண்டு டெஸ்ட்களையே நாம் பயிற்சிப் போட்டிகளாகச் செலவழித்தோம் என்று சொன்னால் அது கடுமையான சொல்லாகப் படலாம். எனக்கு அது கணக்காகத்தான் படுகிறது.

இதற்கு எதிராக ஒருவர் 2019ஐ எடுத்துக் காட்டலாம். அந்தப் பெப்ரவரியில் தென்னாபிரிக்காவுக்குப் போன அணியை ஒருவரும் நம்பவில்லை. தலைவராக இருந்த தினேஷ் சந்திமால் குழாமிலேயே இல்லை. திமுத் கருணாரத்ன புதிய தலைவர். வேகப்பந்து வீச்சாளர் பலருக்குக் காயம். பத்திரிகைகளில் பரிச்சயமில்லாத பெயர்கள். டேர்பனில் 304 என்ற இலக்கைத் துரத்தி, கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவை மறுமுனையில் நிறுத்தி 78 ஓட்டங்கள் சேர்த்து, ஆட்டமிழக்காமல் 153 எடுத்த குசல் ஜனித் பெரேரா ஒரு விக்கெட்டால் வெற்றியைப் பெற்றுத் தந்தார். அடுத்த போட்டியையும் வென்று, தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடர் ஒன்றை வென்ற முதலாவது ஆசிய அணியாக இலங்கை திரும்பியது. தயாரிப்பு இல்லாமலே வென்றார்களே என்று அப்போது பலர் சொன்னார்கள். அந்த அணியின் மூத்த வீரர்கள் நேராக எங்கிருந்து வந்தார்கள் என்பதை மறந்துவிட்டோம். பிரிஸ்பேனிலும் கன்பராவிலும் அடிவாங்கி வந்தவர்கள் அவர்கள். அங்கே எழும்பும் பந்துகளுக்கு முன்னால் நின்று, இரண்டு டெஸ்ட்களையும் பெருந்தோல்வியாகத் தோற்றவர்கள். கன்பராவில் குசல் பெரேராவின் தலைக்கவசத்தில் பந்து பட்டு அவர் வெளியேற வேண்டியிருந்தது. அந்த வலிதான் டேர்பனுக்கான தயாரிப்பு. ஒருவரும் திட்டமிட்டுத் தந்ததல்ல; ஆனால் தயாரிப்பு.

அதே டேர்பன் மைதானத்தில் 2024 நவம்பரில் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கும். ஓவல் வெற்றிக்குப் பின் மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. இலங்கை 13.5 ஓவர்களில் 42 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. மார்க்கோ ஜான்சன் 13 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். இலங்கையின் டெஸ்ட் வரலாற்றில் மிகக் குறைந்த எண்ணிக்கை அது. நியூசிலாந்துக்கு எதிரான ஒருநாள் தொடர் அதே மாதத்தில்தான் உள்நாட்டில் நடந்தது. ஆலோசகர் நீல் மெக்கென்சியோடு டேர்பனில் கிடைத்தது சில நாள் பயிற்சி. வீரர்கள் ஓவலில் வென்றவர்களே. அவர்களின் திறமை இரண்டு மாதங்களில் கரைந்துவிடவில்லை. கடல்தான் வேறு.

இப்போது தலவிலக் கடற்கரையில் ஆடிய அந்தப் பையன்களிடம் வருகிறேன். இந்த விடயத்தில் உண்மையான நட்டம் யாருக்கு என்று கேட்டால் என் பதில் அவர்கள்தான். அவர்களுக்குக் காற்று தெரியும். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தராமலே காற்றோடும் காற்றுக்கு எதிரேயும் வீசப் பழகியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது கடினப்பந்தும் புற்றரை ஆடுகளமும். சிலாபத்தின் பெயரைத் தாங்கிய சிலாபம் மேரியன்ஸ் கழகமே தன் முதல்தரப் போட்டிகள் பலவற்றைக் கம்பஹா மாவட்டத்தில், கட்டுநாயக்காவில் ஆடியிருக்கிறது. அப்படியிருக்கக் கற்பிட்டி வீதியில் வாழும் பிள்ளை ஒன்று தெரிவாளரின் கண்ணில் படுவது எப்படி? ஒருவேளை பட்டாலும், மணலில் பழகிய கால் எழும்பும் பந்துக்குப் பின்னால் போகப் பதினெட்டு வயதில் தொடங்கினால் எத்தனை வருடங்கள் வேண்டும்?

வடக்கிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கிலும் 2024இல் இந்தியன் பிரிமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காகவும் ஆடியபோது நாம் பெருமைப்பட்டோம். அவர் ஒருவர். அவருக்குப் பின்னால் வரவேண்டியவர்களுக்குக் களம் வேண்டும். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கான பணிகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். வரவேற்கிறேன். ஆனால் மைதானம் என்பது பார்வையாளர் அரங்கு அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடசாலைப் பிள்ளைகள் கடினப்பந்தில் ஆடக் கிடைக்கும் ஆடுகளம். பெரிய மைதானம் ஒன்று கட்டும் பணத்தில் சிறிய புற்றரை ஆடுகளங்கள் பல அமைக்கலாம். புத்தளத்துக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று, முல்லைத்தீவுக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள்.

கிரிக்கெட் சபைக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. வெளிநாட்டுத் தொடருக்குக் கையொப்பமிடும்போது, முதல் டெஸ்டுக்கு முன்னர் குறைந்தது இரண்டு முதல்தரப் போட்டிகளையும் அதே தாளில் எழுதிக் கேளுங்கள். டெஸ்ட் வீரர்களை இருபது ஓவர் தொடரிலிருந்து நேரே விமானத்தில் ஏற்றாதீர்கள். கவுண்டி அழைப்பு வருகிறவனைத் தடுக்காமல் அனுப்பிவையுங்கள்; அவன் திரும்பி வரும்போது அந்தக் கடலின் அறிவையும் கொண்டுவருவான். உள்நாட்டில் சாதித்ததற்கான வெகுமதியாக வெளிநாட்டுப் பட்டியலில் இடம் கொடுப்பது வீரனுக்கும் நல்லதல்ல, அணிக்கும் நல்லதல்ல.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த குழாம் அறிவிக்கப்படும்போது யாரை விட்டார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். நமது பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். நானும் தேடுவேன், அந்தப் பழக்கம் 1984இலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. அதோடு இன்னொன்றையும் கேட்டுவையுங்கள்: முதல் டெஸ்டுக்கு எத்தனை நாட்களுக்கு முன்னர் இவர்கள் அங்கே போய் இறங்குகிறார்கள்? பத்திரிகை அலுவலகங்களுக்கு அந்தக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்தாலே, உள்பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்துவிடும்.